மூவாயிரம் வொட்ஸ் எங்கே போனது?

சென்ற வாரம் ஒரு நாள் அஸர் தொழுதுவிட்டு வந்து கடையில் உட்கார்ந்திருந்தேன். ஓர் இளைஞர் வந்தார். மருந்தகம் ஒன்றில் வேலை செய்பவர். புது வீட்டுக்குக் குடிவந்து ஆறு மாதமாகிறதாம். ஹோலுக்கு ஒரு ஹோம் தியேட்டர் செட் வேண்டும், கையில் இருப்பது ஒரு இலட்சம் ரூபா, அதற்கு மேல் ஒரு சதமும் இல்லை என்றார். நல்லது என்று சொல்லி, ஹோல் எவ்வளவு பெரிது, தரை ஓடா சீமெந்தா, யார் யார் உட்கார்ந்து பார்ப்பார்கள் என்று விசாரிக்கத் தொடங்கினேன். அவருக்குப் பொறுமையில்லை. ராக்கையில் இருந்த ஒரு பெட்டியைக் காட்டி, "அதெல்லாம் இருக்கட்டும் நானா, இது எத்தின வொட்ஸ்? அதைச் செல்லுங்க" என்றார்.

இந்தக் கேள்வியை இருபத்தைந்து வருடமாகக் கேட்டு வருகிறேன். வாடிக்கையாளரைக் குறை சொல்ல முடியாது. இப்படிக் கேட்கும்படி அவர்களுக்குப் பழக்கியவர்கள் வியாபாரிகளாகிய நாம்தான். எனவே இந்த வாரப் பத்தியை ஹோம் தியேட்டர் வாங்குபவர்களுக்கும் விற்பவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். ஹோம் தியேட்டரில் என்ன பார்ப்பது, என்ன கேட்பது என்பது வேறு விடயம். அதை உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் பேசுவது கொடுக்கும் பணத்துக்கு என்ன கிடைக்கிறது என்பது பற்றி மட்டுமே.

பெட்டிகளில் கொட்டை எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும் எண்ணுக்குப் பக்கத்தில், கண்ணாடி போட்டுப் பார்த்தால்தான் தெரியும் அளவில், 'பி.எம்.பி.ஓ.' என்று இருக்கும். கசட் செட் காலத்திலிருந்தே வருகிற வியாதி இது. ஒரு வினாடியின் மிகச் சிறிய துணுக்கில், கருவி எரிந்தாலும் பரவாயில்லை என்று விட்டால், எவ்வளவு வலுவை எட்டலாம் என்று தயாரிப்பாளர் தன் விருப்பப்படி போடும் கணக்கு. இதை இப்படித்தான் அளக்க வேண்டும் என்று எந்த நியமமும் கிடையாது. ஆகவே ஒரே கருவிக்கு ஒருவர் 500 என்று போடலாம், இன்னொருவர் 3000 என்று போடலாம். இருவரையும் பொய்யர் என்று நிரூபிக்க முடியாது.

தொடர்ந்து தரக்கூடிய உண்மையான வலுவைத்தான் 'ஆர்.எம்.எஸ்.' என்று போடுவார்கள். புறக்கோட்டை நாட்டாமி ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். 150 கிலோ மூட்டையை நிலத்திலிருந்து அரை அங்குலம் எழுப்பி ஒரு வினாடி பிடித்துவிட்டுப் போட்டால் அது பி.எம்.பி.ஓ. காலையிலிருந்து மஃரிப் வரை லொறிக்கும் கடைக்கும் இடையில் சுமக்கிறாரே 50 கிலோ, அது ஆர்.எம்.எஸ். நாம் கூலி கொடுப்பது இரண்டாவதற்கு. அமெரிக்காவில் 1974 ஆம் ஆண்டிலேயே இதற்கு ஒரு சட்ட ஒழுங்கு கொண்டுவந்தார்கள். வீட்டு அம்ப்ளிபயரின் வலுவை விளம்பரம் செய்பவர் தொடர்ந்து தரக்கூடிய வலுவைச் சொல்ல வேண்டும் என்பது அதன் சாரம். 2024 இல் அதை இன்னும் இறுக்கினார்கள். அங்கேயே கட்டிவைக்க வேண்டியிருந்தது என்றால், இங்கே நம் கடை வீதியில் நிலைமை எப்படி இருக்கும்?

எப்படி இருந்தது என்பதற்கு என் கடையே சாட்சி. 2004 ஆம் ஆண்டு. டிவிடி செட் வீட்டுக்கு வீடு நுழைந்த காலம். சவூதியில் சாரதியாக இருந்துவிட்டு வந்த எங்கள் ஊர்க்காரர் ஒருவர் கடைக்கு வந்தார். அவருடைய வாப்பாவுக்குக் காது மந்தம். செய்தியும், ஹஜ் காலத்து நேரடி ஒளிபரப்பும் அவருக்குத் தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதே அவர் சொன்ன தேவை. நான் காட்டியது, முதலாம் குறுக்குத் தெருவில் மொத்தமாக எடுத்து வந்திருந்த ஒரு செட். ஐந்து சின்னப் பெட்டி, ஒரு வூபர், முகப்பில் நீல வெளிச்சம். மேலே '3000 வொட்ஸ்' என்ற ஸ்டிக்கர். அந்தச் செட்டில்தான் எனக்கு லாபம் அதிகம் என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். அன்றைய காசுக்கு 18,000 ரூபா எண்ணிக் கொடுத்தார்.

மூன்றாம் நாள் திரும்பி வந்தார். "நானா, ஊடு அதிருது. வாப்பாக்குப் பேச்சு மட்டும் வெளங்குதில்ல" என்றார். பேஸைக் குறைத்துப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். நாலாம் மாதம் வூபர் எரிந்தது. கொழும்பில் எனக்குத் தந்த இறக்குமதியாளர், பாவனையாளரின் பிழை, உத்தரவாதம் செல்லாது என்றார். அந்த வார்த்தையை அப்படியே வாங்கி நானும் அவரிடம் சொன்னேன். பிறகு ரேடியோ திருத்தும் பாஸ் ஒருவர் மூடியைக் கழற்றி உள்ளே இருந்த ட்ரான்ஸ்போமரை என் உள்ளங்கையில் வைத்தார். ஒரு தேசிக்காயை விடக் கொஞ்சம் பெரிது. "முதலாளி, இது அறுபது வொட்ஸுக்கும் காணாது. மூவாயிரம் எங்கயிருந்து வாற?" என்று கேட்டார்.

அந்த ஊர்க்காரர் இன்றும் என் கடையைத் தாண்டித்தான் பள்ளிக்குப் போகிறார். ஸலாம் சொல்வார். கடைக்குள் வரமாட்டார். அவருடைய தம்பிமார் மூவர், மச்சான்மார், இப்போது பிள்ளைகள். குளிர்சாதனப் பெட்டி முதல் மின்குமிழ் வரை எல்லாம் எதிர்க் கடையில்தான். ஒரு செட்டில் நான் சம்பாதித்த லாபம் எவ்வளவு, இருபது வருடத்தில் ஒரு குடும்பத்திடம் இழந்த வியாபாரம் எவ்வளவு என்று ஒரு தடவை கணக்குப் போட உட்கார்ந்து, பாதியில் எழும்பிவிட்டேன். நனைந்த தானியத்தைக் குவியலுக்கு அடியில் வைத்து விற்றவரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த சம்பவத்தை நாம் எத்தனையோ ஜும்ஆவில் கேட்டிருக்கிறோம். ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டியும் அப்படியான ஒரு குவியல் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. ஸ்டிக்கரை ஒட்டியது நானல்லவே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

சரி, உண்மையான வலுவை எப்படி அறிவது? பெட்டியின் முகப்பைப் பார்க்காதீர்கள், முதுகைப் பாருங்கள். மின்சார வயர் நுழையும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு தகடு அல்லது லேபல் இருக்கும். 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ், இத்தனை வொட்ஸ் மின்சாரம் எடுக்கும் என்று அதில் எழுதியிருக்கும். கரன்டிலிருந்து 60 வொட்ஸ் எடுக்கும் கருவி தொடர்ந்து 61 வொட்ஸ் சத்தம் தர முடியாது. பழைய வகை அம்ப்ளிபயரில் ஏறக்குறையப் பாதி வெப்பமாகப் போய்விடும். மிகுதி 30. அதை ஆறு பெட்டிக்குப் பிரித்தால் ஒன்றுக்கு 5 வொட்ஸ். நான் விற்ற மூவாயிரத்தின் கதை இதுதான். இப்போது வரும் புதிய வகை அம்ப்ளிபயர்களில் விரயம் குறைவு, நூற்றுக்கு எண்பதுக்கு மேல் வெளியே வரும். ஆனால் சட்டம் அதே சட்டம்தான்: எடுப்பதை விடக் கூடுதலாகத் தொடர்ந்து கொடுக்க முடியாது. சக்கரம் பூட்டிய பெரிய ஸ்பீக்கர் பெட்டிகளை வாங்குபவர்கள் இன்றும் இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பெயர்பெற்ற கம்பனிகளின் ரிசீவர்களில் இந்தத் தகட்டுக் கணக்கு அப்படியே பொருந்தாது. அவர்கள் சாதாரணப் பாவனைக்கான அளவைப் போடுவதுண்டு. அங்கே பார்க்க வேண்டியது கைநூல். 8 ஓம், 20 முதல் 20,000 ஹேர்ட்ஸ் வரை, இரண்டு சனல் ஒன்றாக ஓடும்போது, சத்தச் சிதைவு ஒரு வீதத்துக்கும் குறைவு என்று எழுதி 70 வொட்ஸ் என்றால் அது நேர்மையான 70. அதே ரிசீவரை 6 ஓம், ஒரு சனல் மட்டும், ஒரே ஒரு சுரம், சிதைவு 10 வீதம் என்று அளந்தால் 130 என்றும் போடலாம். இரண்டும் ஒரே கைநூலில் அடுத்தடுத்த வரியில் இருக்கும்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு உண்மையையும் சொல்ல வேண்டும். சாதாரண ஹோலில் பேச்சைக் கேட்க ஒரு வொட் கூடச் செலவாகாது. வொட்ஸை விட முக்கியமான ஓர் எண் ஸ்பீக்கரின் பின்பக்கத்தில் இருக்கிறது. அதைக் கேட்டு வந்த வாடிக்கையாளர் என் அனுபவத்தில் ஐந்து பேர் கூட இல்லை. ஒரு வொட் கொடுத்தால் ஒரு மீற்றர் தூரத்தில் எத்தனை டெசிபல் சத்தம் வரும் என்பதே அந்த எண். 84, 87, 90 என்று இருக்கும். மூன்று டெசிபல் கூடுவதற்கு இரட்டிப்பு வலு வேண்டும். எனவே 84 டெசிபல் ஸ்பீக்கருக்கு 100 வொட்ஸ் ஊற்றிப் பெறும் சத்தத்தை 90 டெசிபல் ஸ்பீக்கர் 25 வொட்ஸில் தந்துவிடும். சாப்பாடு குறைவு, வேலை கூட. பட்ஜட் சிறிதாக இருப்பவர் இந்த எண்ணைக் கேட்டு வாங்கினால் அம்ப்ளிபயரில் மிச்சம் பிடிக்கலாம்.

இனி அந்த இளைஞரின் ஒரு இலட்சத்துக்கு வருவோம். ஒவ்வொரு பொருளின் விலையையும் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் பத்திரிகை அச்சாகி வருவதற்குள் மாறிவிடும். 2022 இல் டொலர் 200 ரூபா மட்டத்திலிருந்து 360 ரூபா மட்டத்துக்குப் போனதையும், பல பொருட்களின் இறக்குமதி நிறுத்தப்பட்டதையும் கண்டவர்கள் நாம். பங்கு பிரிப்பதை மட்டும் சொல்கிறேன். என் கணக்கில் நூறில் ஐம்பது முன்பக்கப் பெட்டிகள் மூன்றுக்கு. முப்பத்தைந்து அம்ப்ளிபயருக்கு. மிகுதி பதினைந்து வயர், ஸ்டாண்ட், பிளக் போன்ற சில்லறைக்கு. வூபரும் பின்பக்கப் பெட்டிகளும் அடுத்த வருடம்.

"அப்ப அது ஹோம் தியேட்டர் இல்லயே நானா" என்று அவர் முகம் சுருங்கியது. ஆறு பெட்டி இருந்தால்தான் தியேட்டர் என்று அவர் நினைத்திருந்தார். படமோ செய்தியோ, மனிதர் பேசுவதில் பெரும்பகுதி வருவது டிவிக்குக் கீழே வைக்கும் நடுப் பெட்டியில். பின்பக்கப் பெட்டிகளில் வருவது பெரும்பாலும் மழைச் சத்தம், சனக்கூட்டம், ஓடிப்போகும் வாகனம். ஒரே பட்ஜட்டை ஆறாகப் பிரித்தால் நடுப் பெட்டிக்குக் கிடைப்பது ஒரு கைப்பிடி பிளாஸ்டிக்கும் மூன்று அங்குலக் கடதாசிக் கோனும்தான். 2004 இல் அந்த வாப்பாவுக்குப் பேச்சு விளங்காமல் போனதன் காரணம் அதுவே. முன்பக்கம் மூன்றும் ஒரே கம்பனியின் ஒரே வரிசையில் இருப்பது நல்லது. இல்லாவிட்டால் பேசுபவர் திரையில் இடமிருந்து வலம் நடக்கும்போது குரல் வேறொருவருடையது போல மாறும்.

பட்ஜட் இன்னும் சிறிதா? நல்ல பெட்டி இரண்டும் ஒரு ஸ்டீரியோ அம்ப்ளிபயரும் போதும். இரண்டுக்கும் நடுவில் நேராக உட்கார்ந்தால் பேச்சு திரையின் நடுவிலிருந்து வருவது போலவே கேட்கும். ஓரக் கதிரையில் இருப்பவருக்கு மட்டும் கொஞ்சம் நட்டம். ஒரு அறை, இரண்டு பேர், வயர் இழுக்க வழியில்லை என்பவர்களுக்கு சவுண்ட்பாரும் பிழையில்லை. அதிலும் முதுகுத் தகட்டைப் பாருங்கள்.

அம்ப்ளிபயர் புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. டிவிடி காலத்து ஜப்பான் ரிசீவர்கள் பாவித்தவையாக நிறைய வருகின்றன. 4கே டிவிக்கு அது பொருந்துமா என்று பலர் பயப்படுகிறார்கள். படத்தை ரிசீவர் வழியாகக் கொண்டுபோக வேண்டிய அவசியமே இல்லை. எல்லாவற்றையும் டிவியில் பொருத்தி, டிவியின் பின்னால் இருக்கும் ஒப்டிகல் துளையிலிருந்து சத்தத்தை மட்டும் ரிசீவருக்கு அனுப்பினால் சரி. டொல்பி டிஜிட்டல் 5.1 அந்த வழியில் வரும். கொஞ்சம் புதிய ரிசீவராக இருந்தால் எச்.டி.எம்.ஐ. வயரிலேயே 'ஏ.ஆர்.சி.' என்ற வழி இருக்கிறது. 2009 இல் வந்த வசதி அது.

ஆனால் பாவித்த சாமானில் கண்ணைத் திறந்துகொள்ளுங்கள். ஜப்பானில் வீட்டுப் பாவனைக்குச் செய்த கருவி 100 வோல்ட். நம் 230 வோல்ட் பிளக்கில் நேராகச் சொருகினால் பிஸ்மி சொல்லி முடிவதற்குள் புகை வரும். சவூதியிலிருந்து முன்னர் கொண்டுவந்த 110 வோல்ட் செட்டுகளுக்கும் அதே கதைதான். ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்போமர் வேண்டும், அதன் விலையையும் சேர்த்துத்தான் பேரம் பேச வேண்டும். ஓடவிட்டுப் பார்க்கும்போது, ஒன் செய்து சில வினாடியில் உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம் வர வேண்டும். வராவிட்டால் பாதுகாப்பு அமைப்பு தடுத்து நிற்கிறது, உள்ளே ஏதோ போயிருக்கிறது. சத்தக் குமிழைத் திருகும்போது கரகரத்தால் அது சிறிய வேலை, சுத்தம் செய்தால் சரியாகும். எல்லாச் சனலையும் ஒவ்வொன்றாக ஓடவிடாமல் காசைக் கொடுக்காதீர்கள். ஸ்பீக்கரில் கோனைச் சுற்றியுள்ள விளிம்பை விரலால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். ஸ்பொன்ஜ் விளிம்பு நம் நாட்டு ஈரப்பதனில் சில வருடங்களில் பிஸ்கட் போல உதிரும். றப்பர் விளிம்பு நின்று பிடிக்கும்.

வாங்கியதற்குப் பிறகு காசு செலவில்லாமல் சத்தத்தைக் கூட்டும் வழி வைக்கும் இடத்தில் இருக்கிறது. நம் வீடுகள் ஓடு பதித்த தரை, சீமெந்துச் சுவர், வெறும் ஜன்னல். சத்தம் கிணற்றுக்குள் போல எதிரொலிக்கும். பெட்டிகளுக்கும் சோபாவுக்கும் இடையில் ஒரு தடித்த விரிப்பு, ஜன்னலுக்குக் கனத்த திரைச்சீலை, பின் சுவரில் ஒரு புத்தக அலுமாரி. இந்த மூன்றும் விலை கூடிய ஸ்பீக்கர் செய்யாத வேலையைச் செய்யும். வலது, இடது பெட்டிகள் உட்கார்ந்திருப்பவரின் காது மட்டத்தில், இரண்டுக்கும் இடையிலான தூரமும் அவரிடமிருந்து உள்ள தூரமும் ஏறக்குறையச் சமமாக இருக்கட்டும். ஒன்றை அலுமாரிக்கு மேலேயும் மற்றதைத் தரையிலும் வைத்திருக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். பின்பக்கப் பெட்டிகள் வாங்கும் நாளில், அவற்றை நேர் முதுகுக்குப் பின்னால் தூக்காமல் இரு பக்கமும் காதுக்குச் சற்றுப் பின்னால் வையுங்கள். வூபரை மூலையில் வைத்தால் சத்தம் கூடும், ஆனால் முழங்கும். நல்ல இடம் தேட ஒரு வழி: வூபரைச் சோபாவில் நீங்கள் உட்காரும் இடத்தில் தூக்கி வைத்து ஓடவிட்டு, நீங்கள் ஹோலின் ஓரங்களில் குனிந்து நடந்து கேளுங்கள். எங்கே தெளிவாகக் கேட்கிறதோ அங்கே அதை வையுங்கள். வீட்டுக்காரி சிரிப்பார், சிரிக்கட்டும்.

விற்பவர்களுக்கு ஒன்று. இரண்டு செட்டை ஒப்பிட்டுக் காட்டும்போது நாம் தள்ள விரும்பும் செட்டின் சத்தத்தை ஒரு நூல் கூட்டி வைக்கும் பழக்கம் நம் தொழிலில் உண்டு. மனிதக் காது சற்றுக் கூடுதலாகக் கேட்பதைத் தரமானது என்று நினைக்கும். நானும் செய்திருக்கிறேன். இப்போது செய்தி வாசிப்பவரின் குரலை மட்டும் போட்டு, இரண்டையும் ஒரே அளவில் வைத்துக் காட்டுகிறேன். வெடிச் சத்தத்தில் எந்தப் பெட்டியும் நல்லதாகக் கேட்கும். மனிதக் குரல் எப்படி இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும், அதில் ஏமாற்ற முடியாது. பில்லிலும் பி.எம்.பி.ஓ. எண்ணை எழுதுவதில்லை. ஆர்.எம்.எஸ். தெரிந்தால் அதை எழுதுவேன், தெரியாவிட்டால் தகட்டில் உள்ளதை எழுதுவேன். இதனால் சில வியாபாரம் எதிர்க் கடைக்குப் போகத்தான் செய்கிறது. அங்கே இன்னும் ஸ்டிக்கர் இருக்கிறது.

இளைஞர் அரை மணித்தியாலம் செய்தி கேட்டார். கடைசியில் முன்பக்க மூன்று பெட்டியும், பாவித்த 230 வோல்ட் ரிசீவர் ஒன்றும் எடுத்தார். வயருக்கு வந்தபோது மலிவானது போதும் என்றார். அதுதான் என் கடையில் மிச்சமாகிக் கிடக்கும் இன்னொரு சங்கடம். பார்க்கச் செம்பு போல இருக்கும், ஆனால் மேலே பூச்சு மட்டுமே செம்பு, உள்ளே அலுமினியம். நுனியைப் பிளேடால் சுரண்டினால் வெள்ளையாகத் தெரியும், கையில் தூக்கினால் பாரமே இருக்காது. செம்பை விட ஒன்றரை மடங்குக்கு மேல் மின்தடை. சுமார் ஐந்து மீற்றர் தூரத்துக்கு 1.5 சதுர மில்லிமீற்றர் அசல் செம்பு வயர் தாராளமாகப் போதும், அதற்கு மேல் விலை கூடிய வயரில் காசு போடத் தேவையில்லை. அவருக்கு அதை வெட்டிக் கொடுத்தேன்.

பூச்சு வயர் மூன்று சுருள் இருந்தது. அன்றிரவு கடை மூடுவதற்கு முன் ஒரு கடதாசியில் 'உள்ளே அலுமினியம், பாதி விலை' என்று எழுதி ஒட்டினேன். இதுவரை ஒரு சுருள் போயிருக்கிறது. வாங்கியவர் கலியாணப் பந்தலில் தோரணம் கட்டுவதற்காம்.